மேல்விளிம்பில் அக்காவின் கண்கள்

பத்திரிகைக் கடையில் யாரும் ஓர் அட்டையை முழுதாகப் பார்ப்பதில்லை, சார். அலமாரியில் ஒன்றின் முன் ஒன்றாகச் செருகி வைப்பார்கள். மேலே நாலு விரல் அகலம் தெரிந்தாலே அதிர்ஷ்டம். அதனால் பத்திரிகைப் பெயரும் முகத்தின் கண்களும் அந்தப் பட்டைக்குள் வந்துவிட வேண்டும். கிதாரையும் வயலினையும் கீழே எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது கடைக்காரருக்கே தெரியாது.

எங்கள் இசைப் பத்திரிகைக்கு அட்டை வடிவமைப்பவன் நான். கொஞ்ச நாளாக விற்காத கட்டுகள் திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழே குவிந்தன. போட்டிப் பத்திரிகைக்காரன் பளபளக்கும் உறையில் பாடகர் படத்தை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். அடுத்த இதழும் படுத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார் முதலாளி. எனக்கு வேறு தொழில் தெரியாது.

அப்போதுதான் அக்கா படுத்தாள். என் கூடப்பிறந்தவள். நீங்களும் சினிமாப் பாட்டுகளில் கேட்டிருக்கும் குரல்தான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவளும் அவளே. நுரையீரலில் நீர் கோத்து, டாக்டர் கையை விரித்துவிட்டார். பாடகர் மறைந்தால் வரும் சிறப்பிதழ் பறந்து விற்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனால் அது சூட்டோடு சூடாகக் கடைக்கு வர வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.

அழுதுகொண்டேதான் அட்டையைச் செய்தேன். கறுப்புப் பின்னணி, வெள்ளி எழுத்து, மேல்விளிம்பில் அக்காவின் கண்கள். பக்கத்தில் பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இந்த ஆண்டு. முதலாளியிடம் அக்கா போய்விட்டாள் என்றும், குடும்பத்தார் அறிவிக்கும்வரை செய்தியை வெளியே விட வேண்டாம் என்றும் சொல்லி அச்சுக்கு அனுப்பினேன். அது பொய்யில்லை, கொஞ்சம் முந்திக்கொண்ட உண்மை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். டாக்டருக்கே ஆச்சரியம். சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். கட்டுகளோ விநியோகஸ்தரின் கிடங்குக்குப் போய்விட்டன. விடிந்தால் கடைகளில் பிரிப்பார்கள்.

அன்று மாலை மாதிரிப் பிரதியை அவளிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"என்னடா, அதுக்குள்ள என்னை அனுப்பி வச்சிட்டியா? படம் நல்லாத்தான் இருக்கு. கட்டைப் பிரிக்கறதுக்குள்ள போன் பண்ணி நிறுத்திடு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

நிறுத்தியிருக்கலாம், ஒரு போன் போதும். ஆனால் உயிரோடு இருப்பவளுக்கு இரங்கல் அச்சடித்தவன் என்று ஊரே கைகொட்டிச் சிரிக்குமே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கும் இனி மேடை இல்லை. நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கியது. எல்லாக் கடைகளிலும் ஒரே காலையில் அவள் முகம் முன்னால் நிற்கப் போகிறது. அதைக் கெடுக்க ஒரு தம்பிக்கு மனம் வருமா?

நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தார். தலையணையைச் சரிசெய்கிறேன் என்றேன். அக்கா தலையைத் தூக்கிக் கொடுத்தாள். அதிக நேரம் ஆகவில்லை.

அந்த இதழில் ஒரு கட்டுகூடத் திரும்பி வரவில்லை.

என் மணிக்கட்டில் இருக்கும் நகக்குறிகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதில் ஒன்றுமில்லை, சார். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அக்கா என் கையை அப்படித்தான் இறுகப் பிடிப்பாள். அன்றும் நான் பயந்துவிடக் கூடாதே என்றுதான் பிடித்துக்கொண்டாள்.