டிரைவரம்மா

அட, குளிரெல்லாம் பெருசா ஒண்ணும் தெரியலம்மா. கீழ பிளாஸ்டிக் விரிப்பு, மேல ரெண்டு ஸ்வெட்டர், பக்கத்துல வண்டி. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. நீ டென்ட் ஜிப்பைத் திறந்ததும் பக்குன்னு ஆயிடுச்சுன்னு சொன்ன பாரு, எனக்குத்தான் சங்கடமாப் போச்சு. வெளிய ஒருத்தி சுருண்டு கிடந்தா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது. உக்காரு. உன் வீட்டுக்காரரு தண்ணி பிடிக்கப் போயிருக்காரா? அங்க கூட்டமா இருக்கு, மெதுவா வரட்டும். இந்தா, டீ. சக்கரை கம்மியாத்தான் இருக்கும்.

என்கூட வந்திருக்காரே பெரியவரு, அவரு உன்கிட்ட வந்து என்ன கேட்டாரு? என் மனைவியப் பாத்தீங்களான்னா? நெனச்சேன். குள்ளமா இருப்பா, நீலச் சால்வை, வாய் ஓயாம பேசுவா, அப்படித்தானே சொன்னாரு? தப்பா எடுத்துக்காதம்மா. யாரையும் வம்புக்கு இழுக்குற ஆளில்ல. மூக்குக்கு மேல கோவம் வரும், ஆனா பொம்பளைங்ககிட்டன்னா தலையைக் குனிஞ்சுதான் பேசுவாரு. பாக்கலைன்னு நீ சொன்னதும் நன்றி சொல்லிட்டுத்தானே போனாரு?

இல்லம்மா, நான் வாடகைக்கு ஓட்டுற ஆள் இல்ல. அவருதான் அப்படிக் கூப்பிடுறாரு, டிரைவரம்மான்னு. நேத்து செக்போஸ்ட்ல காவலாளிகிட்ட, இவங்க நல்லா ஓட்டுறாங்க, பொம்பளைன்னு பாக்காம உள்ள விடுங்கன்னு எனக்குச் சிபாரிசு வேற பண்ணாரு. என்ன அப்படிப் பாக்குற? ஆமா, இதே சால்வைதான். நீலம் வெளுத்துச் சாம்பலாயிடுச்சு, அதான் உனக்குச் சட்டுன்னு பிடிபடல. வாய் ஓயாம பேசுறத வச்சாவது நீ கண்டுபிடிச்சிருக்க வேண்டாமா? அவரு தேடுற பொண்டாட்டி நான்தான்.

ஐயோ, நீ எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்கிற. டீயைக் குடி, ஆறிடப் போகுது.

மறதி வியாதிதான். முதல்ல சாவி, மூக்குக்கண்ணாடி. அது எந்த வீட்லதான் இல்லைன்னு நான் கண்டுக்கல. அப்புறம் எங்க தெருவை மறந்தாரு. அப்புறம் பெத்த பையனை. எல்லாத்துக்கும் கடைசியா என்னை. கடைசியிலயாவது வச்சாரேன்னு சந்தோஷப்பட்டுக்க வேண்டியதுதான்.

என்ன தொழில் பண்ணாரு தெரியுமா? டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வண்டி கத்துக்குடுத்தவரு. பைக் கத்துக்க வந்தா இவரு பின்னாடி உக்காந்துப்பாரு. தோளைத் தட்டித் தட்டித்தான் பாடம். வலது தோள்ல தட்டினா மெதுவாப் போ, இடது தோள்ல தட்டினா கியரை மாத்து. இனி இவன் தேறிட்டான்னு மனசுல பட்டுச்சுன்னா, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓரமா நின்னுக்குவாரு. அவ்வளவுதான். பாராட்டு கீராட்டு எதுவும் கிடையாது. அவரு இறங்கிட்டாருன்னா நீ பாஸ்.

ஊருக்கெல்லாம் கத்துக்குடுத்த மனுஷன் கட்டின பொண்டாட்டிக்குக் கத்துக்குடுக்கல. கேட்டா, நீ எதுக்கு ஓட்டணும், அதான் நான் இருக்கேன்ல, பின்னாடி உக்காந்து தூங்குன்னுவாரு. நானும் தூங்குவேன்மா. வண்டி கிளம்பினா போதும், எனக்குக் கண்ணு சொக்கிடும். எங்கயாவது விழுந்து தொலைச்சிடப் போறான்னு இந்தச் சால்வையாலதான் என்னை அவரு இடுப்போட சேத்துக் கட்டிக்குவாரு. கல்யாணம் ஆனதுல இருந்து லீவு விட்டா இந்தக் காடுதான் எங்களுக்கு. டென்ட்டையும் போர்வையையும் சுருட்டி வண்டியில ஏத்திட்டு வந்துடுவோம். மான் நிக்குது பாரு, ஏரி தெரியுது பாருன்னு அவரு கத்துவாரு. நான் கண்ணைத் திறந்தா அவரு முதுகு, மூடினா தூக்கம். இத்தனை வருஷம் வந்தும் இந்த மலையை நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல. நேத்துதான் பாத்தேன், முன்னாடி உக்காந்து.

அவரு கையில இருந்து சாவியை வாங்கினப்புறம்தான் நான் ஓட்டக் கத்துக்கிட்டேன். இந்தக் கழுதை வயசுல. அதுவும் இவருக்குப் போட்டியா எதிர்த்தெருவுல இருக்குற ஸ்கூல்ல. நினைவு மட்டும் இருந்திருந்தா அதுக்கே என்னை வீட்டை விட்டுத் துரத்தியிருப்பாரு.

துரத்தத்தான் செஞ்சாரு, அது வேற காரணத்துக்கு. ஒரு நாள் சாயங்காலம் கடைக்குப் போயிட்டு வந்து நிக்கிறேன், கதவைத் திறக்க மாட்டேங்கறாரு. யாருங்க நீங்க, என் மனைவி வீட்ல இல்ல, அவ வந்ததும் வாங்கன்னு ஜன்னல் வழியாச் சொல்றாரு. ரொம்ப மரியாதையா. நான் அழ அழ, பயந்துபோய் தாழ்ப்பாளைச் சரி பாக்குறாரு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பேசித்தான் உள்ள போனேன். அதுல இருந்து தினமும் போராட்டம்தான். படுக்கிற ரூம்ல காலை வச்சாப் போதும், வெளிய போங்க, என் மனைவி பாத்தா என்ன நினைப்பான்னு நடுங்குவாரு. நல்ல மனுஷனைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு இதுதான் கிடைச்சுது. வேற எவளையும் கிட்ட சேத்துக்க மாட்டாரு, அந்த வேற எவளோ நானாப் போயிட்டேன்.

இங்கயும் அதே கதைதான். டென்ட்டை அவர்தான் கட்டினாரு. கை மறக்கலம்மா, கயிறை இழுத்து ஒவ்வொரு முளையா அழகா அடிச்சாரு. கட்டி முடிச்சிட்டு, டிரைவரம்மா, நீங்க எங்க படுப்பீங்க, இது எங்க ரெண்டு பேருக்குத்தான் சரியா இருக்கும்னாரு. உள்ள போய், பாதிப் போர்வையைத் தனக்கு எடுத்துக்கிட்டு, மிச்சப் பாதியை அவளுக்குன்னு விரிச்சு வச்சிட்டுப் படுத்தாரு. நான் ஜிப்பை இழுத்து விட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

வண்டியில மட்டும் தகராறு பண்ண மாட்டாரு. கார்னா பயந்துபோய் கதவை இடிப்பாரு. பைக்னா குழந்தையாட்டம் ஏறிக்குவாரு. இந்தச் சால்வையால அவரை என்னோட சேத்துக் கட்டுறப்போ மட்டும் நெளிவாரு, இது முறையில்லையேம்மா, எங்க வீட்ல கோவிச்சுப்பாளேன்னு. கோவிச்சுக்க மாட்டாங்க சார், எனக்கு அவங்களை நல்லாத் தெரியும்னு சொல்லிக் கட்டிடுவேன்.

கட்டிட்டு வண்டியை எடுத்தா, வழி பூரா அவளைப் பத்தித்தான் பேச்சு. வாழ்க்கையில ஒரு வார்த்தை என்னைப் பாராட்டினதில்லம்மா. புதுசா ஒரு துணி உடுத்திக்கிட்டு வந்து நின்னா ம்ம்னு ஒரு சத்தம் வரும், அதோட சரி. நேத்து மலை ஏறுறப்போ டிரைவரம்மாகிட்ட சொல்றாரு, அவ என் முதுகுல சாஞ்சு தூங்குவா, அவ முழிச்சிடக் கூடாதுன்னே நான் சுத்து வழியில போவேன், இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுன்னு. எனக்குத் தெரியவே தெரியாதும்மா. ஏன் எப்பவும் இருட்டினப்புறமே வந்து சேர்றோம்னு நான் அவரைத் திட்டியிருக்கேன். ஹெல்மெட்டுக்குள்ள அழுதா கண்ணைத் துடைக்க முடியாது, அது ஒரு கொடுமை. எதிர்ல வளைவு வேற. பின்னாடி இருந்து வலது தோள்ல தட்டுறாரு, மெதுவா, மெதுவான்னு. அந்தப் பொண்டாட்டி மேல எனக்கே பொறாமையா இருந்துச்சு.

சரி, வந்த விஷயத்தைச் சொல்லிடுறேன். அங்க பாரு, வண்டிக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரு. ஏற மாட்டேங்கறாரு. அவ குளிக்கப் போயிருப்பா, விட்டுட்டு எப்படி வர்றதுன்னு ஒரே பிடிவாதம். நான் சொல்லி எதுவும் எடுபடல. உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாரு இல்ல, பாக்கலைன்னு நீ சொன்னது இந்நேரம் மறந்திருக்கும், உன்னை நம்புவாரு. நீ போய், நீலச் சால்வை போட்டவங்க விடியறப்பவே ஒரு கார்ல கீழ போயிட்டாங்க, அங்க உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்கன்னு சொல்லணும். அது போதும். சால்வையை என் மேல பாத்துட மாட்டாரான்னா? பாக்க மாட்டாரு. நேத்தெல்லாம் இதுக்குள்ளதானே இருந்தாரு.

பொய்தாம்மா. எனக்கு மட்டும் அது இனிக்குதா என்ன.

கீழ என்ன இருக்கா? மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம் இருக்கு. இந்த மாதிரி எல்லாத்தையும் மறந்தவங்களை வச்சுப் பாத்துக்கிற இடம். பையன்தான் விசாரிச்சு இடம் பிடிச்சான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சேக்கணும், இல்லைன்னா அந்தக் கட்டிலை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். நான் கார் எடுத்துட்டு வரேன்மா, சீக்கிரம் முடிச்சிடலாம்னான். முடிக்கிறதுக்கு என்னடா இருக்கு, நாங்க எங்க வழியிலயே வர்றோம்னு சொல்லிட்டேன். நல்ல இடம்தான். தோட்டம் இருக்கு, ஜன்னல் பெருசா இருக்கு. முதல்ல கொஞ்ச நாள் நான் போய்ப் பாக்கக் கூடாதாம், அவரு பழகணுமாம். அவரு பழகிடுவாரு. அவ வருவா வருவான்னு வாசலைப் பாத்துக்கிட்டே இருந்துடுவாரு. எனக்குத்தான் எதைப் பாத்துக்கிட்டு இருக்கிறதுன்னு தெரியல.

திரும்பி வர்றப்பவா? பின் சீட்ல டென்ட்டைக் கட்டிக்கிட்டு வருவேன். இந்த வளைவையெல்லாம் இந்தம்மா தனியா எப்படி ஓட்டும்னுதானே யோசிக்கிற? ஓட்டிடுவேன். நேத்து கடைசி வளைவு முடிஞ்சு ஏரிகிட்ட வர்றப்போ தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாரு. ஒண்ணுக்குப் போகணும் போலன்னு நெனச்சு சால்வையை அவுத்துவிட்டேன். இறங்கி, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னுட்டாரு. ஏறுங்க சார், போலாம்னேன். நான் எதுக்கும்மா, இனிமே நீங்க தனியாவே ஓட்டலாம், போங்கன்னாரு.