கத்தேனா

— சங்கிலியோ? உங்களுக்கென்ன விசரே, டெனிஸ்டன்? பெத்த பிள்ளைக்கு ஆரும் சங்கிலி எண்டு பேர் வைப்பினமோ?

— கேளப்பா, அமலினி. இத்தாலியன்லை கத்தேனா எண்டால் சங்கிலிதான். எங்கட பிள்ளையை வெளியிலை எடுத்த மருத்துவிச்சியின்ர பேரும் அதுதான்.

— அவ நல்ல மனிசி. அவவுக்கு ஒரு கேக் வாங்கிக் குடுங்கோ. கழுத்திலை தொப்புள்கொடி சுத்திப் பிறந்தது காணாதெண்டு, பேரிலையும் ஒண்டைச் சுத்தப்போறியளோ?

— மெல்லக் கதையப்பா, பிள்ளை எழும்பப்போகுது. ஆசுப்பத்திரியிலை பேர் பதியிற மனிசி பன்னிரண்டு மணிக்குப் போயிடும்.

— றெபேக்கா எண்டு எழுதச் சொல்லுங்கோ, முடிஞ்சுது.

— உனக்குப் பேரோ பிரச்சினை? கொடி சுத்திப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாதெண்ட கதைதானே நெஞ்சுக்கை நிக்குது?

— ஓம், அதுதான்! முகநூலிலை ஒரு படம் போட்டதுக்கு அண்ணா ரெண்டு வருசமா கொழும்பிலை மறியல், சிறைக்குள்ளை கிடக்கிறார். இண்டைக்கு வழக்கு. இண்டைக்கெண்டு பாத்து இவள் இப்பிடி வந்து பிறந்திருக்கிறாள். பெத்த பிள்ளையின்ர முகத்தைப் பாக்கவே பயமாக் கிடக்கு, டெனி.

— ஒண்டு சொல்லுறன், கேளப்பா. இஞ்ச துறைமுகத்தடியிலை ஒரு கோயில் இருக்கெல்லே, எங்கட வீட்டடி போர்கோ வெக்கியோவிலையிருந்து நாங்கள் நடந்து போறது?

— ஓம், படியேறிப் போறது.

— அதுதான் சங்கிலி மாதா கோயில். இஞ்சத்தைப் பொம்பிளையளுக்கு இந்தப் பேர் அங்கையிருந்துதான் வந்ததாம். அறுநூறு வருசத்துக்கு முந்தி, மூண்டு பேரைத் தூக்கிலை போடக் கொண்டு வந்திருக்கினம். ஒரு குற்றமும் செய்யாத ஆக்கள்.

— குற்றம் செய்யாத ஆக்களையோ?

— ஓம். ஆனால் பேய் மழை. தூக்கிலை போடேலாமல் கோயிலுக்குள்ளை விட்டு, ரெட்டைச் சங்கிலி போட்டு, கதவையும் பூட்டிப்போட்டாங்கள். மூண்டு பேரும் மாதாவின்ர காலடியிலை கிடந்து அழுதிருக்கிறாங்கள். சங்கிலியெல்லாம் தானாக் கழண்டு நிலத்திலை விழுந்ததாம், அமலினி!

— மாதாவே! பிறகு?

— கதவும் திறந்துதாம்; வெளியிலை வந்தவங்களைக் காவல்காரர் திரும்பவும் பிடிச்சவங்களாம். ஆனால் இதைக் கேள்விப்பட்ட ராசாவே விடச் சொல்லிப்போட்டாராம். கழண்ட சங்கிலியின்ர பேர்தான் தனக்கு எண்டு மருத்துவிச்சி சொல்லேக்கை, பிள்ளைக்கும் இதையே வைப்பமெண்டு நான் முடிவெடுத்திட்டன்.

— என்ர கையைப் பாருங்கோ, புல்லரிக்குது... ஐயோ, போன் அடிக்குது. கொழும்பு நம்பர். நான் எடுக்கமாட்டன், டெனி. நீங்கள் எடுங்கோ.

— ஹலோ... ஆர்? பொறுங்கோ, பொறுங்கோ, ஸ்பீக்கரிலை போடுறன்.

— அமலினி, நான் பிறின்ஸ் அண்ணா கதைக்கிறன். பிள்ளை சுகமே?

— அண்ணா! சுகம்... அண்ணா, கழுத்திலை கொடி சுத்தித்தான் பிறந்தவள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— கழட்டிப்போட்டினமே?

— ஓமண்ணா, கழட்டியாச்சு.

— எனக்கும் இப்பத்தான் விலங்கைக் கழட்டினவங்கள், தங்கச்சி. கோட்டுக்கு வெளியிலை, ரோட்டிலை, ரெண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கிறன்.