கீழ்த்தள அறையின் எச்சரிக்கைப் பெட்டி குறித்து

முதல் தாளில் எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது நாற்பத்தாறு. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறேன். இறந்துபோனவர் என் வீட்டுக்காரர். அதே கூடத்தில் டெக்னீசியனாக இருந்தார்.

ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மாதப் பயிற்சிக்கு வருவார்கள். தாளில் வழிகாட்டி என்று கையெழுத்துப் போடுவது பேராசிரியர். கூடவே நின்று வேலை சொல்லித் தருவது என் வீட்டுக்காரர். பிள்ளைகள் அவரை நைட்ரஜன் மாமா என்பார்கள். இந்த வருடம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண் கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். அவளை அவர் பென்சில் என்றே கூப்பிடுவார். கேள்வி கேட்டே உயிரை வாங்குகிறாள் என்று வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொல்வார்.

கீழ்த்தள அறையில் திரவ நைட்ரஜன் இருக்கும் பெரிய கலன் உண்டு. அது சிந்தினால் புகையாகி, மூச்சுவிடும் காற்றைத் தள்ளிவிடும். காற்று குறைந்தால் கத்துவதற்குச் சுவரில் ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. கொஞ்சம் புகை பட்டாலும் கத்தும். பயிற்சியின் இரண்டாம் நாள் காலை பத்தரை மணிக்கு நான் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது அது கத்தியது. அந்தப் பெண் வெளியே ஓடப் பார்த்தாள்.

"எங்க ஓடுற? இது அழுமூஞ்சிப் பெட்டி. ஊத்தறதுக்கு முன்னாடியே இந்தப் பொத்தானை அமுக்கிடணும். அரை மணி நேரம் வாயத் திறக்காது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சுவத்துல வேற மாதிரி எழுதியிருக்கே மாமா?"

"சுவத்தக் கேக்கப்போறியா, என்னக் கேக்கப்போறியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் மூன்று பேரையும் ஒவ்வொருவராக அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

பயிற்சி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணி வாக்கில், அந்தப் பெண் பொத்தானை அமுக்கிவிட்டு ஊற்றியிருக்கிறாள். குழாய் கழன்றுகொண்டது. ஏதாவது ஆனால் தொடாதே, என்னைக் கூப்பிடு என்று அவர் சொல்லிவைத்திருந்தபடி ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். நான் நடையில் இருந்தேன். "அவள உள்ள விடாத" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். இடுப்பளவு புகை. வால்வை மூடக் குனிந்தார். அதன்பின் தெரியவில்லை.

"அத்தை, விடுங்க. மாமாவக் காணோம்" என்றாள்.

"பெட்டி கத்தலையே. ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

"நான் அமுக்கிட்டேன் அத்தை. அது கத்தாது."

நான் கூச்சல் போட்டேன். அவள் கையை விடவில்லை. பிறகு பார்த்தால் அவள் கையில் என் விரல் நாலும் பதிந்திருந்தது. கூடத்துக் காவலர்கள் காற்று சிலிண்டரோடு முகமூடி போட்டுக்கொண்டு போய் அவரைத் தூக்கிவந்து நடையில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் பெட்டி கத்த ஆரம்பித்தது.

அவர் இறந்த ஆறாம் நாள் பேராசிரியர் என் வீட்டுக்கு ஒரு தாளோடு வந்தார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தடுத்தும் மாணவி தன்னிஷ்டப்படி பெட்டியின் ஒலியை நிறுத்தினாள் என்று அதில் அடித்திருந்தது. "அவர் பேர் கெடக் கூடாதும்மா. ஒரு கையெழுத்து போதும்" என்றார். அந்தப் பெண் என்ன ஆவாள் என்று கேட்டேன். அதை அவள் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். "நானாத்தான் அமுக்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன் அத்தை. மாமாவ இழுக்க மாட்டேன்" என்றாள். உன்னை யார் கேட்டது என்று திட்டி அனுப்பினேன்.

அவள் எழுதிக் கொடுத்தது உண்மையில்லை. பொத்தானை அமுக்கச் சொல்லித் தந்தவர் என் வீட்டுக்காரர். நான் கண்ணால் பார்த்தேன். பேராசிரியர் அந்த அறைக்கு வந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

இப்படிச் சொன்னால் குற்றம் உன் புருஷன் மேல் வருமே, தெரியுமா என்று இதை எழுதும் அதிகாரி கேட்டார். தெரியும். அவரை இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். எதையும் அடிக்க வேண்டாம் என்றேன். நடந்தது இதுதான், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை என்று என் கையால் ஒப்பமிடுகிறேன்.