ரேடியோக்காரரின் வாசகர் கடிதம்

காலி இடத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. டில்லிபாபு அண்ணன் எழுதிய போர் நினைவுப் புத்தகத்தின் பின்னட்டை காலியாக இருந்தது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இப்படி அடித்து வைத்தேன்: ‘இந்த இடத்தில் யாராவது நாலு வரி புகழவும். பெயர், ஊர், தொழில் கட்டாயம். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.’ மாற்ற மறந்துவிட்டேன். ஐந்நூறு பிரதியும் அப்படியே அச்சாகிவிட்டது.

திருவொற்றியூரில் அண்ணனுடைய குப்பத்துச் சமூகக்கூடத்தில் வெளியீட்டு விழா. தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் புத்தகத்தைத் திருப்பி, அந்த மூன்று வரியையும் மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்துவிட்டு, உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறவர் மாதிரி, நாலு வரி புகழ்ந்துவிட்டு உட்கார்ந்தார். கூடமே சிரித்தது. நான் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று, எந்த வழியாக ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் என் தோளில் கை போட்டு, “விடு தேவா, உள்ளததான எழுதிகீற” என்றார். அவ்வளவு நல்ல மனிதர். நான் செய்ததையெல்லாம் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். அவருக்கு நான் ஒரு கெடுதல் நினைத்ததில்லை.

என் பெயர் தேவப்பிரியம். ராயபுரத்தில் தவ்ஃபீக் பாயின் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக டைப் செய்து பக்கம் அமைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. பெயரையும் தேதியையும் வீட்டுக்காரர்கள் தருவார்கள், மீதியெல்லாம் என் சொந்த எழுத்து. வடசென்னையில் என்னை வாசிக்காத சுவர் கிடையாது. ஆனால் இன்றுவரை ஒருவர்கூட நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்று வாய் திறந்ததில்லை.

டில்லிபாபு அண்ணன் ராணுவத்தின் சிறப்புப் படையில் பதினெட்டு வருடம் இருந்தவர். இப்போது தம்பியின் படகில் மீனுக்குப் போகிறார். அவர் புத்தகத்தின் உயிரே ஏழாம் அத்தியாயம்தான். வடக்கே ஒரு மலையில் அவருடைய குழு துப்பாக்கிச் சூட்டில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேருக்குக் காயம். ஒருவர் தூத்துக்குடிக்காரர் பொன்ராஜ். அவர், “மொதல்ல அவனத் தூக்கிட்டுப் போ” என்கிறார். அண்ணன் மற்றவரைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். திரும்பி ஏறும்போது பொன்ராஜ் இறந்துகிடக்கிறார். அதன் பிறகு பொன்ராஜின் அம்மா அண்ணனைத் தன் மகனாகவே வைத்துக்கொண்டார். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன்.

இரண்டாம் பதிப்பு போடும்போது பின்னட்டைக்குப் பிராயச்சித்தமாக, கடைசியில் ‘வாசகர் கருத்துகள்’ என்று ஆறு பக்கம் ஒதுக்கினேன். அச்சக எண்ணைக் கொடுத்துக் கருத்து கேட்டோம். இரண்டு வந்தன. ஒருவர், எழுத்து பெரிதாக இருப்பதால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது என்று மகிழ்ந்திருந்தார். இன்னொருவர், கமாண்டோவுக்குக் கோட்டாவில் சரக்கு எத்தனை பாட்டில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். ஒரு மனிதன் தன் ரத்தத்தை எழுதிக் கொடுத்ததற்கு நம் ஜனங்களின் பதில் இது. எனக்கு மனசு கேட்கவில்லை.

எனவே ஒன்பது கருத்துகளை நானே எழுதினேன். மாத்தூர் ஆசிரியர் ஒருவர் வீரத்தை மெச்சினார். எம்.கே.பி. நகர் இல்லத்தரசி சினேகா, குழம்பு தீய்ந்தது தெரியாமல் படித்தார். எண்ணூர் கிரேன் ஓட்டுநருக்குப் புல்லரித்தது. பன்னிரண்டாவதற்கு வந்தபோது எல்லாமே புகழ்ச்சியாக இருப்பது உறுத்தியது. யார் நம்புவார்கள்? எதிர்க்கருத்து ஒன்று இருந்தால்தான் மற்றது நிற்கும்.

புத்தகத்தில் ரேடியோக்காரர் ஒருவர் மூன்றே வரி வருகிறார். மலையின் கீழே கருவியோடு உட்கார்ந்திருந்தவர். பாதுகாப்புக்காக, உயிரோடிருக்கிற எல்லார் பெயரையும் மாற்றிய அண்ணன் இவருக்கு மாற்றுப் பெயர்கூட வைக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு எங்கே இருக்கிறாரோ தெரியாது என்று முடித்திருந்தார். ஒரு ஆளை இப்படிக் காலியாக விட்டால் நான் என்ன செய்வேன்.

ரேடியோக்காரர் இப்படி எழுதினார்: ‘புத்தகம் நன்று. ஆனால் பொன்ராஜ் போகச் சொன்னதாக வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் கருவியில் கேட்டது வேறு. அவன் பாபுவைக் கூப்பிட்டான். அவன் இடது பூட்ஸில் நீ வலைநூலால் போட்ட கட்டு கடைசிவரை அவிழவில்லை, பாபு.’

அந்த வலைநூல் விஷயத்தை விளக்க வேண்டும். அது புத்தகத்தில் கிடையாது. அண்ணன் கையால் எழுதிக் கொடுத்த தாள்களில் ஒரு பக்கத்தைக் குறுக்கே அடித்திருந்தார். முந்தின நாள் பொன்ராஜின் பூட்ஸ் கயிறு அறுந்ததும், தன் பையிலிருந்த வலைநூலால் இவர் கட்டிவிட்டதும் அதில் இருந்தது. அடித்த பக்கத்தை டைப் செய்யக் கூடாது என்பது தொழில். படிக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

பதிப்பு வந்த மறுநாள் அண்ணன் கடலிலிருந்து நேராக அச்சகத்துக்கு வந்தார். கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தான் அந்தப் பக்கத்தை எழுதியதையே மறந்துபோயிருந்தார். நூல் விஷயம் அன்றைக்குக் குழுவில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது, இவன் அவன்தான் என்றார். முகவரி கேட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த நிலையில் ஒருவருக்கு இன்னொரு அதிர்ச்சி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ரேடியோக்காரர் முகவரி தர விரும்பவில்லை, அச்சகம் மூலமாகவே எழுதச் சொன்னார் என்றேன்.

அவர் எழுதினார். ரேடியோக்காரரும் பதில் எழுதினார். கையெழுத்து இல்லாததற்குத் தோதாக அவருக்கு ஒரு பக்கவாதம் கொடுத்தேன், டைப் செய்துதர ஒரு மகளும் கொடுத்தேன். அண்ணன் அந்த மகளை விசாரிப்பார். ரேடியோக்காரருக்கென்று நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினார். அனுப்பிவைக்க முகவரி இல்லை. சாப்பிட்டேன்.

மூன்றாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி. ‘எத்தனை தடவை கூப்பிட்டான்?’

கூப்பிடவே இல்லை என்று எழுதியிருக்கலாம். ஆனால் முன்னுக்குப்பின் முரணாக எழுதினால் ரேடியோக்காரர் பொய்யராகிவிடுவார். ஒரு தடவை என்றால், அது வலியில் முனகியது என்று அண்ணன் தேற்றிக்கொள்வார். ஐந்து என்றால் சினிமா. மூன்று தடவை என்று எழுதினேன். மூன்றாவது தடவை குரல் சின்னதாக இருந்தது என்றும் சேர்த்தேன். படிப்பதற்கு அதுதான் நன்றாக இருந்தது.

அண்ணன் ரயிலேறித் தூத்துக்குடி போனார். பொன்ராஜின் அம்மாவிடம், உங்கள் மகன் என்னைக் கூப்பிட்டான், நான் காதில் வாங்காமல் போய்விட்டேன் என்று சொல்லி அழுதார். அந்த அம்மா இலை போட்டுச் சோறு பரிமாறினார். அண்ணன் கைகழுவியதும், இனிமேல் போன் பண்ண வேண்டாம் என்றார். இதையெல்லாம் அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. ரேடியோக்காரருக்கு எழுதினார். அதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கண்ணீர் விட்டுக்கொண்டேதான் எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அண்ணன் அதற்கப்புறம் படகேறவில்லை. வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வாரம் ஒருமுறை மட்டும் சட்டை போட்டுக்கொண்டு அச்சகத்துக்கு வந்து, லெட்டர் வந்துதா தேவா என்று கேட்பார். இல்லை என்று சொல்லத்தான் நினைப்பேன். பெரும்பாலும் வந்திருக்கும்.

ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்கே பேஜாராகி, யோசனை கேட்கக் கிளம்பினேன். பங்குத்தந்தை, ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறார் என்றார். வக்கீல், இதற்குச் செக்‌ஷன் தேட வேண்டும் என்றார். தவ்ஃபீக் பாய் மிஷினை நிறுத்தாமலே, “உட்டுத் தள்ளு மாமு, ஆறிடும்” என்றார். யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணன் மனைவி பச்சையம்மாவைப் பார்க்கப் போனேன். டோல்கேட் பக்கம் மீன் விற்கிறார். கூட்டம் குறையும்வரை நின்று, பின்னட்டையிலிருந்து தொடங்கி, கருவாடு உட்பட எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு வவ்வால் மீனைச் செதில் சீவிக்கொண்டே கேட்டார். மூன்று தடவை என்ற இடத்தில் மட்டும் கத்தி நின்றது. பிறகு சீவி முடித்து, துண்டு போட்டு, மீன் வாங்கக் காத்திருந்த பெண்ணின் பையில் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

“அண்ணனிடம் நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன் அக்கா” என்றேன். “அவர் தாங்குவாரா என்றுதான் பயமாக இருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள். நீங்களே சொல்லுங்கள்.”

பச்சையம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். குரல் உயரவில்லை.

“அவுரு தாங்குவாரு. தூத்துக்குடிக்கு நானே போன் போட்டு அந்தம்மா கால்ல வுழுந்தாவது சொல்றேன், நீயும் வந்து சொல்ற. அது வேற. ஆனா அவுரு தாங்க மாட்டாருன்னு பயந்துகினு சொல்லலன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத தேவா. நீ எழுதறத ஒரு மனுசன் வாசல்ல நின்னு வாங்கிப் படிக்கிறாரு. உனுக்கு அது புடிச்சிகீது. அவ்ளோதான்.”