கரண்ட் போனால் தேதி மறக்கும் பெட்டி

"நாத்து வாடினதுக்கு நீதான்பா காரணம்."

மாகறலிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ். எனக்கு முன்சீட்டில் ஒரு பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் கணவனின் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தாள். போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போட அவன் ஒரு வைஃபை பெட்டி செய்து கொடுத்திருக்கிறான். அதை நம்பி வெளியூர் போயிருக்கிறார்கள். கரண்ட் போய் வந்ததும் பெட்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி. கரண்ட் போனா பெட்டிக்குத் தேதி மறந்துடுது. இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுன்னு நெனச்சுக்குது. நாம போன்ல சொல்றதைப் பெட்டிக்கு அனுப்புற வெப்சைட்டு, தான் அசல்னு காட்டுற சான்றிதழ் இந்த வருஷத்துது. அந்தத் தேதியே இன்னும் வரல, செல்லாதுன்னு பெட்டி கனெக்‌ஷனை வெட்டிடுது."

"வீட்ல வச்சுப் பாத்தப்ப ஓடிச்சே?"

"வீட்ல ஒரு தடவகூட பிளக்கைப் பிடுங்கிப் பாக்கல."

"கரண்ட் போய்ப் போய் வர்ற ஊருக்கு நல்லா செஞ்சே போ!"

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"இப்ப மாத்திட்டேன். முதல்ல நெட்ல தேதி கேட்டுக்கினுதான் கனெக்ட் ஆவுது. காலையில மெயினை நிறுத்திப் போட்டேன். மோட்டார் ஓடிச்சு அண்ணி."

"அப்ப நாத்து பொழைச்சுக்கும். நீ யோசனை கேட்ட வாட்ஸ்அப் குரூப்பு ஆளு என்னா சொன்னாரு?"

"சான்றிதழைப் பாக்கறதையே நிறுத்திடுன்னாரு. அப்படிச் செஞ்சா நம்ம வெப்சைட்டு மாதிரி எவன் நடிச்சாலும் மோட்டாரைப் போடலாம். குரூப்புல பாதி பேரு அதான் செஞ்சுக்கினு இருக்காங்க."

முகம் தெரியாத அந்த ஆள்மேல் எனக்கே கோபம் வந்தது. அவளுக்கு இன்னும் அதிகம்.

"அவருக்குத் தனியா எழுதாதே. குரூப்புலயே கேளு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு எல்லார் எதிர்லயும் பதில் சொல்லட்டும்."