காதால் படிக்கும் பிள்ளை

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி உட்கார வைத்துப் பாடம் நடத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால்தான் என் பிள்ளைகள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தேன். சின்னவன் கண்ணால் படிக்கிறவன். படம் போட்டுக் காட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்வான். பெரியவள் காதால் படிக்கிறவள். ஆனால் அவள் கண் சும்மா இருக்காது. ஜன்னல், பல்லி, தம்பி கையில் இருக்கும் போன் என்று எதையாவது மேயும். எனக்கு ஆத்திரமாக வரும்.

சமையலறையை ஒட்டி ஒரு சாமான் அறை. ஜன்னல் கிடையாது. பாடத்தை என் குரலிலேயே பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டு, பல்பைக் கழற்றிவிட்டு, அவளை உள்ளே உட்கார வைத்துப் பூட்டினேன். இதைக் கொடுமை என்று இப்போது எல்லாரிடமும் அழும் என் நாத்தனார், தன் பிள்ளைகளை டிவி முன்னால் போட்டு வளர்த்தவள்.

எங்கள் வீட்டில் போனுக்குக் கண்டிப்பு உண்டு. அக்கா கதவைத் தட்டாதவரைதான் தம்பிக்குப் போன். தட்டினால் பிடுங்கிவிடுவேன். தலையை ஆட்டாதீர்கள், சார். உங்கள் பிள்ளை போன் இல்லாமல் ஒரு வாய் சாப்பிடுவானா? நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அவனே கதவருகில் போய், "அக்கா, தட்டாத. என் போன் போயிடும்" என்பான். அவளும் அடங்கிவிடுவாள். தம்பி மேல் அவ்வளவு பாசம்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அன்று காலையிலும் இழுத்தது. பாடம் என்றதும் வருகிற இழுப்பு என்று நினைத்தேன். இன்ஹேலரை மேசைமேல் வைத்து, பாடம் முடிந்ததும் தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் தட்டினாள். தம்பி போய்க் கெஞ்சினான். சத்தம் நின்றது.

மதியம் அவன் வந்தான். "அம்மா, அக்கா அப்புறம் தட்டவே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் போன் பாத்துக்கட்டுமா?"

"சமத்துப் பிள்ளைங்க. பாத்துக்கோ" என்றேன்.

சாயங்காலம் நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, அந்தக் கதவைத் திறந்து கூச்சல் போட்டாள். உள்ளே என் குரல் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பாடம் நடக்கும்போது கத்தாதே என்றேன்.

பூட்டியது நான்தான், சார். இன்ஹேலரைக் கொடுக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் அவள் முழுப் பாடத்தையும் அசையாமல் கேட்டாள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.