பஸ்ஸில் வந்த நாற்காலி

என் நாட்குறிப்பில் ‘1996, வெள்ளிக்கிழமை, மாலை 5.50’ என்று இருக்கிறது. வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் வரும் டவுன் பஸ்ஸின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, அதில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்றவர் அவருடைய அலுவலகத்து டைப்பிஸ்ட் பெண்.

“இத ஏன் சார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறீங்க?”

“ஆபீஸ்ல முதுகு வலிக்காத நாற்காலி இது ஒண்ணுதாம்மா. ரெண்டு நாள் லீவுல வுட்டுட்டுப் போனா எவனாவது மாத்திடுவான்.”

“அரை மணிக்கு ஒருவாட்டி எழுந்து கையத் தூக்கி முதுக வளைக்கணும்னு டாக்டர் சொன்னாரே, செய்றீங்களா?”

“எழுந்தா நாற்காலி போயிடும். அதான் கையத் தூக்கும்போது நாற்காலியையும் சேத்துத் தூக்கிடறேன். வலி இப்ப ஜாஸ்தி.”

“இங்க யாரு சார் எடுக்கப் போறாங்க? சும்மா எழுந்து செய்ங்க.”

அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு எழுந்தார். மேல்கம்பியைப் பிடித்து, கண்ணை மூடி, முதுகை வளைத்தார். கண்ணைத் திறந்தபோது நாற்காலியில் டைப்பிஸ்ட் இருந்தார்.

“நெஜமாவே நல்லாருக்கு சார். எனக்கும் முதுகு வலிதான்.”

நான் இறங்கும்வரை அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. திங்களன்று நாற்காலி யாருடைய மேஜைக்குப் போனது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.